குசினிக் கபேட்டுக்கு எந்தக் கதவு நல்லம்? ஓடாவி (தச்சர்) வேலைய தொடங்க முதல் சொல்லுங்க

கல்லடித் தங்கச்சி:
வீடு கல்லடியில, கடல் கிட்ட. குசினியில கீழ்த்தட்டெல்லாம் சீமெந்தில கட்டியாச்சு, 2011 வெள்ளத்தில அம்மா வீட்டுப் பலகைக் கபேட் ஊதிப்போன பயத்தில. இனிக் கதவுதான். ஓடாவி ரெண்டு மாதிரி காட்டினார்: வெறும் தட்டைக் கதவு, நாலு பக்கமும் சட்டம் அடிச்சு நடுவில பலகை வச்ச ஷேக்கர் கதவு. எனக்கு ஷேக்கர்தான் ஆசை. வீட்டுக்காரருக்கு அலுமினியம். மாமிக்குக் கதவே வேணாமாம், சட்டி பானை கண்ணுக்குத் தெரியணுமாம். எதைச் செய்யுற?

அக்கரைப்பற்று ராத்தா:
எங்கட வீட்டில ஷேக்கர்தான். வடிவுதான், ஆனா அடுப்புக்குப் பக்கத்துக் கதவைப் பாருங்க, மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகை அந்தச் சட்டத்து மூலையில போய் ஒட்டும். பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ்ஷாலதான் தோண்டி எடுக்கிறன். அடுப்படியில மட்டும் தட்டைக் கதவு போடுங்க.

களுவாஞ்சிக்குடி அண்ணன்:
அலுமினியத்தைக் கறையான் தின்னாது, தண்ணியும் ஊதவைக்காது. சத்தம்தான் தாங்கேலாது, பிள்ளையள் ஒருக்கா அடிச்சுச் சாத்தினா அயல்வீட்டுக்கும் கேக்கும்.

சம்மாந்துறை ஓடாவி:
தங்கச்சி, மாதிரியைவிட முதல் கேக்கவேண்டியது, கதவு நிலைச் சட்டத்துக்குள்ள இறங்குதா, மேல படியுதா எண்டு. சீமெந்துத் தட்டில பிணைச்சல் (கீல்) பூட்ட மரச்சட்டம் வைக்கத்தான் வேணும். கதவு அதுக்குள்ள இறங்கினா, கச்சான் காத்து வீசுற வறண்ட காலத்தில செய்தது மாரி மழையில ஊதி இறுகும். பிறகு சீவுவாங்க, அடுத்த கச்சானுக்கு இடைவெளி தெரியும். மேல படிஞ்சா அந்தத் தொல்லை இல்ல.

ஷேக்கர் எண்டா நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்க விடாதீங்க. மரம் நீளவாக்கில அசையிறது மிகக் குறைவு, அகலவாக்கில சுருங்கி விரியும். சட்டத்துக் காடியில, அதான் உள்பக்கம் வெட்டின பள்ளத்தில, அது சும்மா நிக்கவேணும், ரெண்டு பக்கமும் 2 மில்லிமீற்றர் அளவு இடம் விட்டு. ஒட்டினா வெயிலுக்கு நடுவால பிளக்கும். பெயின்ட் அடிக்கிறதெண்டா நடுவுக்கு எம்டிஎஃப் (மரநாரைப் பசையோட அமுக்கிச் செய்த பலகை) போடலாம், அது அப்பிடி அசையாது. ஆனா சிங்க்குக்குக் கீழ வேணாம், ஓரத்தால தண்ணி குடிச்சுப் பொங்கும்.

கல்லடித் தங்கச்சி:
அண்ணா, எங்கட ஓடாவிட்ட இப்பதான் கேட்டன். பசை போட்டு ஆணியும் அடிக்கிறாராம், "இல்லாட்டி ஆடும்" எண்டு சொல்றார்!

சம்மாந்துறை ஓடாவி:
ஆடினா காடிக்குள்ள சின்ன றப்பர்த் துண்டு வைக்கச் சொல்லுங்க. பசை சட்டத்து மூலைப் பொருத்துக்கு மட்டும். மறுகா, லாச்சிகளுக்கு (இழுப்பறை) ஷேக்கர் செய்யாதீங்க. 6 அங்குல உயரத்தில மேலும் கீழும் ரெண்டரை அங்குலச் சட்டம் போனா நடுவில என்ன மிஞ்சும்? ஒரு அங்குலம். பாக்க அசிங்கம், அதுக்குத் தட்டைதான். கடல் காத்துக்கு மலிவான பிணைச்சல் கெதியா துருப்பிடிக்கும், 304 எவர்சில்வர் கேட்டு வாங்குங்க.

அக்கரைப்பற்று ராத்தா:
முதிரை மரத்தில செய்யுறதா தங்கச்சி? கதவு பாரம், பிணைச்சல் கூடப் போடச் சொல்லுங்க. எங்கட உயரமான கதவு ஒண்டு ரெண்டு பிணைச்சலில தொங்கிச் சரிஞ்சிட்டு.

கல்லடித் தங்கச்சி:
இல்ல ராத்தா, தேக்கு. முடிவு இதுதான்: மேல ஷேக்கர், அடுப்படியும் லாச்சியும் தட்டை, எல்லாம் சட்டத்துக்கு மேல படியிற மாதிரி. சிங்க்குக்குக் கீழ வீட்டுக்காரர்ட அலுமினியம். மாமிக்கு யன்னல் பக்கம் கதவில்லாத ரெண்டு தட்டு. எங்கட ஓடாவிக்கு இன்னும் முகம் சரியில்ல, றப்பர்த் துண்டு எங்க வாங்குற எண்டு கேக்கிறார்.