நாள்தோறும் நடந்தும் தரையிலிருந்து எழ முடியவில்லை: நடை மட்டும் போதாதா?

கேள்வி: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

வணக்கம். எனக்கு வயது 61. இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் நாள் தவறாமல் 30 நிமிடம் நடக்கிறேன். எங்கள் தெரு சரிவானது. தொடக்கத்தில் மேடேறும்போது மூச்சு வாங்கியது, இப்போது பக்கத்து வீட்டம்மாவோடு பேசிக்கொண்டே ஏறிவிடுகிறேன். ஆனால் தைப்பூசத்தன்று கோயிலில் தரையில் அமர்ந்திருந்துவிட்டு எழ முயன்றபோது, இரு கைகளையும் ஊன்றி, மகளின் தோளையும் பிடித்துத்தான் நிற்க முடிந்தது. முழங்காலில் வலி இல்லை. கால்களில் பலமே இல்லாததுபோல் இருந்தது. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகவும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடந்தால் போதும் என்றே இதுவரை நம்பியிருந்தேன். உடற்தகுதி என்பதில் வேறு என்னென்ன அடங்கும்? இந்த வயதில் ஜிம்முக்குப் போகத்தான் வேண்டுமா?

மறுமொழி 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்

வணக்கம் அம்மா. உங்கள் நடை வீண்போகவில்லை. மேட்டில் பேசிக்கொண்டே ஏற முடிகிறது என்றால் இதயமும் நுரையீரலும் தேறியிருக்கின்றன என்று பொருள். ஆனால் உடல், தன்னிடம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ அதில் மட்டுமே தேறும். தரையிலிருந்து எழும்போது தொடையின் முன்தசைகளும் பிட்டத் தசைகளும் உடலின் எடை முழுவதையும் ஆழமாக மடங்கிய நிலையிலிருந்து தூக்க வேண்டும். நடக்கும்போது முழங்கால் அவ்வளவு மடங்குவதே இல்லை. நெடுநேரம் தாங்கும் ஆற்றல், தசை வலிமை, மூட்டுகளின் நெகிழ்வு, சமநிலை ஆகியவை தனித்தனித் திறன்கள். ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் பின்தங்கியிருப்பது இயல்பே.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் 210 நிமிடம் அதற்குள் அடங்குகிறது. ஆனால் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுவதைப் பலரும் கவனிப்பதில்லை. என்னிடம் வந்த முதியோரில் பெரும்பாலோர் நடந்தவர்களே. வலிமைப் பயிற்சி செய்தவர்கள் மிகச் சிலர்.

ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அருகில் ஒருவர் இருக்கட்டும். 60 முதல் 64 வயதுள்ள பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் வலிமை சராசரிக்குக் கீழே என்று கொள்வார்கள். இதே அசைவையே பயிற்சியாகவும் செய்யலாம்: எட்டு முறை, சற்று ஓய்வு, மீண்டும் எட்டு முறை. அது எளிதானதும் தாழ்வான இருக்கைக்கு மாறுங்கள். சுமை சிறிது சிறிதாக ஏறாவிட்டால் தசை வளராது.

மறுமொழி 2: பீனிக்ஸ்

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அம்மா. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டத்தை இரண்டு முறை முடித்திருக்கிறேன். ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில்தான் என் தொடைகள் அதிகம் வலித்தன. அடுத்த நாள் படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. அந்த உழைப்பு தசையைக் கடுமையாகச் சோதிப்பது மட்டுமன்றி, அளவோடு செய்தால் நன்றாக வலுப்படுத்தவும் செய்கிறது. எனவே அமரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணும் அளவுக்கு மெல்ல இறங்குங்கள். அடுத்த நாள் பயிற்சி வேண்டாம்; ஓய்விலும்தான் தசை தேறுகிறது.

மறுமொழி 3: மெரிபேங்க்

நான் 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவள், அக்கா. தசை சுருங்கி உழைக்கும்போது இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும் என்று எங்கள் கிளினிக் தாதி விளக்கினார். அதனால் காலை நடையில் பாதியை இராச்சாப்பாட்டுக்குப் பின் மாற்றினேன்; சோறு உண்ட இரவுகளில் என் கருவி காட்டும் எண் நன்றாகவே குறைகிறது. பிற்பாடு மாத்திரையோ இன்சுலினோ தொடங்கினால், அவற்றில் சில உடற்பயிற்சியின்போது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலை மகள் நேரம் பார்க்க, சமையலறை நாற்காலியில் செய்து பார்த்தேன்: ஒன்பது முறை. ஏழாவது முறை முதல் தொடை நடுங்கியது. கைகள் தாமாகவே முழங்காலைத் தேடிப் போயின. திங்களும் வியாழனும் என்று நாள் குறித்து, நாற்காலியைச் சுவரோரமாகவே விட்டுவைத்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து எண்ணிக்கையை இங்கே எழுதுகிறேன்.