டிடிஓஏ (அலை வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் காணும் முறை) வரைபடத்தில் படகு புள்ளியாக விழாமல் வளைவாக நீள்கிறது, உதவி தேவை

சிற்றலை_20:
பாய்மரப் படகு ஒன்று இரண்டு நாளாக ரேடியோ நெட்டில் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் இடம்) தலைகாட்டவில்லை. இன்று 14.300 மெகாஹெர்ட்ஸில் அதே அழைப்புக்குறி அரைகுறையாகக் கேட்டது, இட எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) பிடிபடவில்லை. விசிலடிக்கச் சொல்லி, மூன்று கிவி எஸ்டிஆர் ரிசீவர்களில் (இணையம் வழியாக யாரும் கேட்கக்கூடியவை) 30 வினாடி பதிவு எடுத்தேன். வரைபடத்தில் பல நூறு கிலோமீட்டருக்கு வளைவுதான் வருகிறது. எங்கே தப்பு?

குறுக்கலை:
வரைபடம் கிடக்கட்டும். அந்தக் கடற்பகுதியின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லியாச்சா? யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் நேரம், அலைவரிசை, காதில் விழுந்த சொற்கள் விழுந்தபடி. ஊகம் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது, விசில் வேண்டாம். ஒற்றைத் தொனிக்கு அலைப்பட்டை அகலமே கிடையாது, அதனால் எந்த அலை முதலில் வந்தது என்று கணக்கில் பிரிக்க முடியாது. பேச்சுதான் நல்லது. 1 முதல் 30 வரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள்.

ஆண்டெனா_பைத்தியம்:
மூன்று ரிசீவரும் படகுக்கு ஒரே பக்கமா? அப்படியானால் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும், வெட்டிக்கொள்ளாது. படகு இருக்கக்கூடிய பகுதியைச் சுற்றி வெவ்வேறு திசைகளில் நான்கைந்து எடுங்கள். ஜிபிஎஸ் பூட்டு இல்லாத ரிசீவரைத் தொடவே வேண்டாம். ஒரு மில்லிவினாடி பிசகினால் 300 கிமீ போச்சு.

தூரமும் முக்கியம். 300 கிமீ உயர அயனி அடுக்கில் பட்டுத் திரும்பினால், 1,000 கிமீ தள்ளியுள்ள ரிசீவருக்கு அலை கிட்டத்தட்ட 1,190 கிமீ ஓடுகிறது. ரிசீவர்கள் ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தால் இந்தக் கூடுதல் ஓட்டம் கழித்தலில் அடிபட்டுப்போகும். ஒன்று ஒரே தாவலிலும் (அயனி அடுக்கில் ஒருமுறை பட்டுத் திரும்புவது) இன்னொன்று இரண்டு தாவலிலும் கேட்டால் கணக்கு கெட்டது. பக்கத்து ரிசீவரில் ஒன்றுமே கேட்கவில்லையா? 20 மீட்டரில் (இந்த 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைதான்) அது சகஜம், தாவல் நிழல்: அலை பக்கத்து இடங்களைத் தாண்டித் தொலைவில்தான் இறங்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வரச் சொல்லிப் பாருங்கள்.

சிற்றலை_20:
மையத்துக்குத் தகவல் போய்விட்டது. மூன்றும் ஒரே பக்கம்தான், மாற்றினேன். வளைவு குறுகி, 60 கிமீ நீளத் திட்டாக நிற்கிறது. இட எண்களின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரியா என்று படகிடம் கேட்கிறேன். 'ஆம்' என்றால் மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்தச் சொன்னேன், எதுவும் கேட்கவில்லை.

குறுக்கலை:
கேட்காது. எஸ்எஸ்பியில் (நாம் இங்கே பேசும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) பேசாமல் பொத்தானை அழுத்தினால் அலையே வெளியே போகாது. அந்த வித்தை எஃப்எம்மில்தான் செல்லும். இங்கேதான் விசில் உதவும்: 'ஆம்' என்றால் இரண்டு, 'இல்லை' என்றால் ஒன்று.

இன்னொன்று, ஜிபிஎஸ் திரையில் 12.50 பாகையா, 12 பாகை 50 நிமிடமா என்று தனியாகக் கேளுங்கள். முன்னது 12 பாகை 30 நிமிடம்தான். அட்சரேகையில் இதைக் குழப்பினால் 20 கடல் மைல் தள்ளித் தேடுவார்கள். அந்த எண் திரையில் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் வாங்கிவிடுங்கள், 1.5 நாட் (மணிக்கு 1.5 கடல் மைல்) ஓட்டத்தில் ஆறு மணி நேரத்தில் படகு 9 கடல் மைல் நகர்ந்திருக்கும்.