முகாம் வேண்டாம், வாடி இருக்கிறது (ஆர்.வி.க்குத் தமிழ்ச் சொல்)

வணக்கம்.

இரண்டு நாள் வயல் பக்கம் நின்றுவிட்டேன். வந்து பார்த்தால், ஆர்.வி. என்ற தங்கும் வண்டிக்கும் அதில் போய்த் தங்கும் கேம்பிங்குக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் பதினேழு மடல். எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> ஆர்.வி. என்பதன் விரிவு ரிக்ரியேஷனல் வெஹிக்கிள். எனவே 'பொழுதுபோக்கு ஊர்தி' என்பதே நேரான தமிழாக்கம்.

நேரானதுதான் ஐயா. ஆனால் இதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன், "திருவிழாவுக்கு வருகிற ராட்டினமா?" என்றான். அந்த வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் இருக்கின்றன. போகிற இடத்தில் இராத் தங்கலாம். பெயரும் அந்தத் தங்கலிலிருந்து வந்தால்தான் கேட்டவுடன் விளங்கும். 'கேரவன்' என்றே விட்டுவிடலாம் என்றவருக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

> கேம்பிங் = முகாமிடல். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இருக்கிறது அண்ணன். தமிழ்நாட்டில் உங்களுக்கு முகாம் என்றால் கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம். இலங்கையில், எங்கள் மட்டக்களப்பில் அந்தச் சொல்லுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: இராணுவ முகாம், அகதி முகாம். 1990இல் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பாய் விரித்த இடம் முகாம். 2004 கடல் அலைக்குப் பிறகு எழுவான்கரைச் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) சனங்கள் தறப்பாளுக்கு (தார்ப்பாய்) கீழே மாதக்கணக்கில் இருந்ததும் முகாம். "லீவுக்குப் பிள்ளைகளோடு முகாமுக்குப் போகிறோம்" என்று அம்மாவிடம் சொல்ல என்னால் முடியாது. அகராதியில் சரியாக இருக்கலாம், எங்கள் வாயில் வராது.

சரி, வேறு என்ன சொல்வது? இதற்காக வெளியே தேடிப்போகத் தேவையில்லை. கரையிலிருந்து வலை இழுக்கும் மீனவர், அதாவது கரைவலைக்காரர், கடற்கரையில் போட்டுத் தங்குவது வாடி. வேளாண்மைக் காவலுக்குப் போனால் வயலில் அடிப்பதும் வாடிதான். நாலு கம்பு, மேலே கிடுகு (பின்னிய தென்னோலை) அல்லது தறப்பாள், ஒரு அடுப்பு, ஒரு குடம் தண்ணீர். வேலை முடிந்தால் பிரித்துக்கொண்டு வந்துவிடலாம். ஊரைவிட்டுத் தள்ளி, தற்காலிகமாக, விரும்பிப் போய்த் தங்குவது. கேம்பிங் என்பதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். ரெஸ்ட் ஹவுஸ் என்பதற்கு இலங்கையில் நெடுங்காலமாக எழுதிவருவது 'வாடிவீடு'. கல்முனையில் வாடிவீட்டு வீதி என்றே ஒரு வீதி இருக்கிறது. வழிப்போக்கன் இராத் தங்கும் வீடு வாடிவீடு என்றால், வழிப்போக்கன் இராத் தங்கும் வண்டி வாடிவண்டி. நான் புதிதாக ஒன்றும் ஆக்கவில்லை, பாதிச் சொல் ஏற்கெனவே பெயர்ப்பலகையில் இருக்கிறது. (சிங்களத்திலும் 'வாடிய' உண்டு. யாரிடம் யார் வாங்கினார்கள் என்ற சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.)

> 'வாடி' என்றால் தமிழ்நாட்டில் பெண்பிள்ளையை அழைப்பது போல் இருக்கும். இல்லையென்றால் வாடிய பூ நினைவுக்கு வரும்.

தனியே நின்றால் அப்படித்தான். ஆனால் மரவாடியில் பலகை வாங்கும்போது யாருக்கும் பூ நினைவுக்கு வருவதில்லை. வாடிவாசலில் காளை வெளியே வரும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதாக எண்ணுவதில்லை. கூட்டுச்சொல்லில் குழப்பம் இல்லை.

இனிப் பிரிவுகள். சொந்த எஞ்சினில் ஓடுவது வாடிவண்டி. காரின் பின்னால் கொளுவி இழுப்பதற்கு 'இழுவை ஊர்தி' என்று ஒருவர் தந்திருந்தார். கேட்டால் இழுக்கிற வண்டியைச் சொல்வது போல இருக்கிறது, இழுபடுவதை அல்ல. எஞ்சின் இல்லாமல் பின்னால் வருவதைத் தமிழன் எப்போதும் 'பெட்டி' என்றுதான் சொல்லியிருக்கிறான்: ரயில் பெட்டி, உழவு மெசின் (டிராக்டர்) பெட்டி. ஆகவே வாடிப்பெட்டி. பெட்டியைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் கடைக்குப் போய்வரலாம் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

வண்டி நிற்கிற ஒதுக்கிய இடத்துக்குத் 'தரிப்பு'. பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்று எங்களுக்குப் பழகியதுதான். அந்த இடத்தில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் கிடைத்தால் 'முழு இணைப்புத் தரிப்பு'. இதில் மினக்கெடத் தேவையில்லை.

கனடாவின் கல்கரியில் இருக்கும் தங்கச்சிக்கு: நீங்கள் ஊர்க்காரக் குடும்பங்களுக்காக எழுதும் குறிப்பில் லூயிஸ் ஏரிப் பகுதியைப் பார்த்தேன். இந்த இழையில் உண்மையிலேயே தலையிடி தருவது அதுதான். பான்ஃப் தேசியப் பூங்காவின் அந்த இடத்தில் தங்குமிடம் இரண்டு வகை. கூடாரக்காரருக்கு ஒதுக்கிய பகுதியைச் சுற்றிக் கரடிக்காக மின்வேலி. கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கு வேறு பகுதி, அங்கே கூடாரமோ துணி மடிப்புள்ள பெட்டியோ கூடாது. இந்த இரண்டு வகையையும் நீங்கள் 'மென்பக்க', 'வன்பக்க' (சாஃப்ட் சைடட், ஹார்ட் சைடட்) என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகப் பக்கம் போலக் கேட்கிறது. எங்களூரில் வீட்டை எதனால் கட்டினது என்பதை வைத்துத்தான் பிரிப்போம்: ஓலைவீடு, கல்வீடு. அப்படியே துணிவாடி, சுவர்வாடி என்று போடுங்கள். "துணிவாடிகள் வேலிக்கு உள்ளே, சுவர்வாடிகள் வெளியே" என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

அந்த மின்வேலிக்கு விளக்கமே தேவையில்லை. 'யானை வேலி போல' என்று இரண்டு சொல் போதும், அம்பாறைக்காரர் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சுவர் இருந்தால் பயமில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே, வயல் பக்கம்) நெல் மூட்டைக்காக யானை சுவரை உடைத்ததைக் கண்டவர்கள் சிரிப்பார்கள். கரடிக்கும் சாப்பாட்டு மணம்தான் அழைப்பு. சமைத்த சட்டியை வெளியே விடாதே என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

> கிரே வாட்டர் = சாம்பல் நீர், பிளாக் வாட்டர் = கருநீர்.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கோப்பை கழுவின தண்ணீரும் குளித்த தண்ணீரும் 'கழுவுநீர்'. கழிப்பறையிலிருந்து வருவது 'மலநீர்'. நாகரிகமில்லை என்று ஒரு அன்பர் முகம் சுளித்தார். யோசித்துப் பாருங்கள்: கழிவு இறக்குமிடத்தில் முதலில் மலநீர்த் தாங்கியைத் திறந்து காலியாக்கி, அதன் பிறகுதான் கழுவுநீரைத் திறக்க வேண்டும். கழுவுநீர் போகும்போது குழாயையும் அலசிக்கொண்டு போகும். மாற்றித் திறந்தால் அழுக்குக் குழாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். நிறத்தை வைத்து எழுதினால், முதல்முறை போகிறவர் எந்தக் கைப்பிடியை முதலில் இழுப்பார்? நாகரிகம் பார்க்கிற இடமா அது?

இணைப்பு ஒன்றும் இல்லாமல் காட்டில் தங்குவதை ஆங்கிலத்தில் பூண்டாக்கிங் என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் பிலிப்பைன்ஸின் தகாலோகு மொழியில் மலைக்குச் சொல்லும் 'புண்டோக்'. அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுபோனது. பிலிப்பைன்ஸ்காரன் சொல்லை அவர்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும்போது, கரைவலைக்காரன் சொல்லை எடுக்க நமக்கு ஏன் தயக்கம்? அதற்குக் 'காட்டுவாடி' என்கிறேன். உகந்தையிலிருந்து கூமுனைக் காடு வழியே கதிர்காமத்துக்கு யாத்திரையாக நடந்து போகிறவர்கள் ஆற்றோரம் மரத்தடியில் சமைத்துப் படுப்பார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, வண்டியின் பக்கத்திலிருந்து நீட்டி விரிக்கும் துணிக் கூரை. 'வெய்யில்மறைப்பு' என்று இரண்டு பேர், 'நீள்கூரை' என்று ஒருவர். வீட்டோடு சேர்த்துச் சாய்வாகப் போடுவதை நாங்கள் 'பத்தி' என்போம். வண்டியை நிறுத்தினோம், பத்தி இறக்கினோம், தேத்தண்ணி வைத்தோம். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். அறுவடை தொடங்குகிறது, பதில் போட ஒரு கிழமை பிந்தும்.