புதுப்பிப்பு: பென்-அ-வான் ஏறிவிட்டு வந்தோம்

மேகமூட்டம் என்று வானிலை அறிக்கை சொல்கிறது, நடைக்குழுவோடு வேல்ஸ் மலைக்குப் போகலாமா, தள்ளிப்போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரி, சனிக்கிழமை போய் வந்துவிட்டோம்.

பான்ட்-ஆர்-டாவ் வண்டி நிறுத்தத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். பாதை முழுக்கக் கல் பாவியிருக்கிறது, வழி தவற வாய்ப்பு குறைவு. முதலில் கார்ன் டீ என்ற சிகரம், 873 மீட்டர். அங்கே ஏறும்போது மூடுபனியில் முன்னால் போனவரின் முதுகுப்பை மட்டும்தான் தெரிந்தது. முழங்கால் வலியோடு வந்த அக்காவுக்காகக் குழு மொத்தமும் நின்று நின்று நடந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு மலையைவிட அதுதான் மனதில் நிற்கிறது.

பென்-அ-வான் உச்சி 886 மீட்டர், தெற்கு வேல்ஸிலேயே உயரமானது. அங்கே பத்து நிமிடம் பனி விலகியது. கீழே க்ளின் கும் லுக் ஏரி கறுப்பாகத் தெரிந்தது. 1900-இல் வழி தவறி இறந்த ஐந்து வயதுச் சிறுவன் டாமி ஜோன்ஸின் நினைவுத்தூண் அந்த ஏரிக்கு மேலேயுள்ள முகட்டில்தான் இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாக.

அப்புறம், கையுறை கொண்டுபோகச் சொன்னவர்களுக்கு நன்றி. உச்சியில் காற்று அப்படி!