கிரைண்டர் உடலுக்கு அலுமினியமா, ஏபிஎஸ்ஸா? கார்பன் கணக்கு இடிக்கிறது

புதுஅச்சு:
வணக்கம். கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று ஸ்கெட்ச் அளவில் இருக்கிறது. கார்பன் வெளியீடு குறைவாக இருக்கவேண்டும், அதை இப்போதே பார்த்துவிடு என்கிறார் முதலாளி. எல்சிஏ மென்பொருளை (ஒரு பொருள் செய்வது முதல் குப்பைக்குப் போவது வரை கார்பன் கணக்குப் போடுவது) திறந்தால் ஒவ்வொரு பாகத்தின் எடை, யாரிடம் வாங்குகிறோம், எப்படிச் செய்கிறோம் என்று கேட்கிறது. பாதி எங்களுக்கே இன்னும் தெரியாது. அதனால் எக்செல்லில் தோராயமாகப் போட்டேன். உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் 1.5 கிலோ எடை; கிலோவுக்கு 3.5 வீதம் சுமார் 5 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அலுமினிய வார்ப்பு என்றால் 1.8 கிலோ, கிலோவுக்கு 18 வீதம் 32. ஆறு மடங்கு! அலுமினியத்தை இப்போதே விட்டுவிடலாமா? மனசு வரவில்லை. மோட்டார் போல்ட் பிடிக்கும் இடத்தில் ஏபிஎஸ் விரிசல் விட்டு, சர்வீஸுக்குத் திரும்பி வந்த கிரைண்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வார்ப்படக்காரன்:
தம்பி, நிலக்கரி மின்சாரத்தில் எடுக்கும் நம் ஊர்ப் புது அலுமினியத்துக்குத்தான் அந்த 18. பிரஷர் டை காஸ்டிங் (அச்சுக்குள் அழுத்தி வார்க்கும்) ஷாப்பில் ஓடுவது பெரும்பாலும் ஏடிசி12, எல்எம்24 ரக அலுமினியக் கலவை இங்காட், அதாவது உலோகக் கட்டி. ஸ்கிராப்பை உருக்கிச் செய்வது அது. பாக்சைட்டிலிருந்து எடுக்க ஆகும் எரிசக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். கிலோவுக்கு 2 என்று போட்டுப் பாருங்கள், மொத்தமே 4 கிலோவுக்குள் வரும். ஆனால் இது என் ஊகமாக நின்றுவிடக்கூடாது. எந்த இங்காட் போடுகிறார்கள் என்று உங்கள் ஃபவுண்டரியில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மின்யூனிட்:
உடலை மட்டும் ஒப்பிடாதீர்கள். 'ஒரு வீட்டுக்கு 10 வருஷம் மாவு அரைப்பது' என்று அளவு வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். 150 வாட், அரை மணி நேரம், வாரம் மூன்று தடவை என்றால் வருஷத்துக்கு சுமார் 12 யூனிட். நம் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோ போட்டால் 10 வருஷத்தில் 80 கிலோவைத் தாண்டும். சீலிங் ஃபேன் வேறு கதை. 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம், 300 நாள் ஓடினால் வருஷத்துக்கே 270 யூனிட். அங்கே குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மோட்டார் போட்டாலே பெரும்பகுதி முடிந்தது. கிரைண்டர் ஓடும் நேரம் குறைவு, அதனால் பொருளின் பங்கு இங்கே கண்ணில் படும் அளவுக்கு இருக்கும்.

புதுஅச்சு:
ஃபவுண்டரியில் கேட்டேன் அண்ணா, ஏடிசி12தான். திரும்பப் போட்டுப் பார்த்தேன். டிரம், மோட்டார், கல், உடல் எல்லாம் சேர்த்து எந்த உடலானாலும் கார்பன் 30 கிலோ வாக்கில் வருகிறது. அப்போ எதை வைத்து முடிவு செய்வது?

மின்யூனிட்:
ஒரே எண்ணுக்குப் பதிலாகக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு பத்தி வையுங்கள். இரண்டு கான்செப்டின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், கார்பனைச் சொல்லி எதையும் தள்ளக்கூடாது. நீங்கள் சொன்ன விரிசலைக் கணக்கில் ஏற்றுங்கள். ஐந்தாம் வருஷம் உடைந்து இன்னொன்று வாங்கினால் 30 அறுபதாகிவிடும். மோட்டார் இழுப்பதை 150 வாட்டிலிருந்து 100க்குக் கொண்டுவந்தாலும் 10 வருஷத்தில் மிச்சமாகும் கார்பன் 27 கிலோதான்.

வார்ப்படக்காரன்:
அதனால் பெல்ட், மோட்டார் இரண்டும் தெருமுனை மெக்கானிக் கழற்றும்படி இருக்கட்டும். டை (வார்ப்பு அச்சு) வெட்டிய பிறகு இதை மாற்ற யாரும் காசு தரமாட்டார்கள்.

புதுஅச்சு:
சரி அண்ணா. மோட்டார் தட்டைத் தனிப் பாகமாகப் பிரித்து வரைந்துவிட்டேன். நாலு போல்ட், கீழிருந்து ஸ்பேனர் நுழைய இடம். ஏபிஎஸ் உடலிலும் இதே தட்டு உட்காரும் என்பதால், அட்டையில் இரண்டு மாதிரியும் செய்து திங்கட்கிழமை முதலாளி முன் வைக்கப் போகிறேன்.