டைகுரோமேட்டோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கழிவுநீரைச் சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. சி.ஓ.டி. (கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்ஸிஜனேற்ற எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்ற அளவு) பார்க்காத நாளே கிடையாது என்பதால் பொட்டாசியம் டைகுரோமேட்டைத் தொடாத நாளும் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று அழகாக இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் அடர் கந்தக அமிலத்துக்குத்தான் பயப்படுவார்கள். அமிலம் பட்டால் உடனே எரியும், கையை இழுத்துக்கொள்வார்கள். டைகுரோமேட்டுக்கு மணம் கிடையாது, கரைசல் தோலில் பட்டாலும் பல நேரம் எதுவும் தெரியாது. என்னைக் கேட்டால் அமிலத்தை விட இதுதான் மோசம்.

எங்களிடம் ஒரு சீனியர் இருந்தார். கையுறை போட்டால் பிப்பெட் சரியாகப் பிடிக்க வராது என்பார். விரல் கணுவில் இருந்த சின்னக் கீறலில் கரைசல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நாளில் அங்கே வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்த புண். குரோம் புண் என்பது இதுதான். வலி இல்லாததால் அவர் டாக்டரிடமே போகவில்லை. ஆறுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. தழும்பு இப்போதும் இருக்கிறது.

கரைசலை விடத் தூள்தான் எனக்குக் கவலை. லிட்டருக்கு 12.259 கிராம் என்று துல்லியமாக நிறுக்க வேண்டும். அந்த நேரத்தில் மின்விசிறி ஓடக்கூடாது, ஸ்பாச்சுலாவைத் தட்டக்கூடாது. தராசைச் சுற்றிச் சிந்தியதைப் பிரஷ்ஷால் தட்டிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அந்தத் துணியும் குரோமியக் கழிவோடுதான் போக வேண்டும். இது ஆக்ஸிஜனேற்றி, காகிதக் குப்பையோடு சேர்த்துப் போட்டால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, தூள் வடிகட்டும் மாஸ்க் மூன்றும் இல்லாமல் நான் பாட்டிலைத் திறப்பதில்லை.

*

நான் லேப் ஆள் இல்லை. அப்பா குரோம் முலாம் பூசும் பட்டறையில் இருந்தவர். அங்கே இருப்பது குரோமிக் அமிலத் தொட்டி. பொருள் வேறு என்றாலும் விஷம் அதே குரோமியம் ஆறுதான், அதாவது டைகுரோமேட்டிலும் இருக்கும் குரோமியத்தின் ஆபத்தான வடிவம். மின்சாரம் பாயும்போது குமிழிகள் வெடித்து மெல்லிய சாரல் எழும்பும், அதைத்தான் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். மூக்கில் பொருக்கு, அவ்வப்போது ரத்தம். சளி என்றே நினைத்தார். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தபோது, இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வருமே, அதற்கு அதுதான் காரணமாம். வீட்டில் நாங்கள் அந்தச் சத்தத்தைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

குரோமியம் ஆறு சேர்மங்கள் மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அப்பாவுக்கு இதுவரை அப்படி ஒன்றும் இல்லை. பரிசோதனை மட்டும் தொடர்கிறது.

*

டைகுரோமேட் பாட்டிலை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அது எனக்கு ஒத்துக்கொள்ளாது! கொத்து வேலை செய்பவன். கையெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. தோல் டாக்டர் முதுகில் வரிசையாக மருந்து ஒட்டிப் பார்த்ததில், அரை சதவீத டைகுரோமேட் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்துவிட்டது. சிமெண்டில் துளியளவு குரோமியம் ஆறு இருக்கிறதாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் அதற்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு உண்டு, அதற்காக ஃபெரஸ் சல்பேட் கலக்கிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் போகாது. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் செருப்புகூட எனக்குச் சில நேரம் அரிக்கிறது.

*

பள்ளியில் 'எரிமலை' செய்து காட்டுவார்களே, அது அம்மோனியம் டைகுரோமேட். பொறி பறக்கும், பச்சைச் சாம்பல் குவியும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பச்சைத் தூளில் இருப்பது குரோமியம் மூன்று என்ற இன்னொரு வடிவம், அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் எரியாத டைகுரோமேட்டும் அதோடு சேர்ந்து காற்றில் பறக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இப்போது காணொளி மட்டும்தான்.

*

ஒரு கேள்வி. கண்ணாடிப் பாத்திரம் கழுவ வைத்திருந்த பழைய குரோமிக் கலவை (டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தது) ஒரு பாட்டில் அலமாரியில் கிடக்கிறது. பாதி பச்சையாகிவிட்டது. தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விடலாமா?

*

கூடாது. முதலில் எழுதியவன்தான் சொல்கிறேன். நீர்த்த டைகுரோமேட் கரைசல் என்றால் பி.எச். (அமில, கார அளவு) 2, 3-இல் வைத்து, வாயுவை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் சோடியம் பைசல்பைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். ஆரஞ்சு போய்ப் பச்சையாகும். அப்புறம் காரம் விட்டு பி.எச். 8, 9-க்குக் கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாக இறங்கும், அதை வடிகட்டிக் கழிவுக்கு அனுப்புவோம். சி.ஓ.டி. குப்பிகளில் பாதரசமும் வெள்ளியும் இருப்பதால் அவை தனிக் கணக்கு.

உங்கள் பாட்டில் அடர் அமிலம், அதில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஆல்கஹாலோ அசிட்டோனோ பக்கத்தில் வேண்டாம், கலந்தால் பற்றிக்கொள்ளும். உள்ளே கரிமப் பொருள் ஏதாவது விழுந்திருந்தால் வாயு சேர்ந்திருக்கும். அதனால் மூடியை இறுக்காமல், கசிவைத் தாங்கும் தட்டில் வைத்து, லேபிள் ஒட்டி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். பாட்டிலைக் குலுக்க மட்டும் வேண்டாம்.