தாத்தாவின் சவாரி, தம்பியின் டிரிப்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் வண்டிக்காரர்கள். தாத்தா சென்னை சூளைப் பகுதியில் கை ரிக்‌ஷா இழுத்தவர். 1973இல் தமிழ்நாட்டில் அதை ஒழித்ததும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மாறினார். அப்பாவுக்கு ஆட்டோ. தம்பி செயலியில் புக் ஆகும் கார் ஓட்டுகிறான்.

போன பொங்கலன்று மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். "காலையிலேர்ந்து ரெண்டு டிரிப்புதான். ஒரு கஸ்டமர் கேன்சல் பண்ணி டீல்ல வுட்டுட்டான்" என்றான் தம்பி. தாத்தா நிமிர்ந்தார். அவருக்கு டிரிப் என்பது சவாரி, கஸ்டமர் என்பவர் கிராக்கி. ஆனால் டீல் அவர் காலத்துச் சொல்.

"நீ எப்படா காத்தாடி வுட்டே?"

தம்பி விழித்தான். டீல் என்றால் ஏதோ வியாபார இங்கிலீஷ் என்று நினைத்திருக்கிறான். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலில் இரண்டு காத்தாடிகள் மோதுவதுதான் டீல் என்றார் தாத்தா. அறுந்த காத்தாடி காற்றோடு போய்விடும், விட்டவன் வெறும் நூலோடு நிற்பான். கழுத்தறுபட்டு உயிர்கள் போனதால் சென்னையில் மாஞ்சாவுக்குத் தடை வந்தது, அது சரிதான். சொல் மட்டும் தம்பி வாயில் இருக்கிறது. நழுவிப் போவதைச் சொல்லும் 'அப்பீட்டு'கூடப் பம்பர ஆட்டத்தில் வந்ததுதான்.

எனக்கு மறக்க முடியாத சொல் 'கஸ்மாலம்'. பாட்டி திட்டும்போது சொல்வார். பள்ளியில் அதைச் சொன்னதற்காக ஒருநாள் முழுக்க வெளியே நின்றேன். "ரிக்‌ஷாக்காரன் பேச்சு" என்றார்கள். வேலைக்குப் போன பிறகு மயிலாப்பூரில் ஒரு கீதைச் சொற்பொழிவு கேட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் கலங்கி நிற்கும் அர்ச்சுனனிடம், அந்த மனக்கலக்கத்தைக் கண்ணன் 'கஷ்மலம்' என்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மெட்ராஸ் பாஷையை யாராவது மட்டமாகப் பேசினால் சும்மா இருக்க மாட்டேன். பேஜார் பாரசீகம், நைனா தெலுங்கு. இந்த ஊருக்கு வந்தவர்களெல்லாம் கொடுத்த சொற்கள் இவை.

அன்று சாயங்காலம் தம்பி காரில் மெரினா போனோம். ஒருவர் குறுக்கே ஓடினார். அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கத்தினார். தம்பி பதறிக் கண்ணாடியை ஏற்றினான். கஸ்டமர் காதில் விழுந்தால் ஸ்டார் குறையுமாம், அந்தப் பழக்கம். பின்சீட்டில் தாத்தாதான் இருந்தார். "கண்ணாடிய எறக்குடா, இன்னொரு வாட்டி கேக்கணும்" என்றார்.